படிப்பவரிடம் பேசும் கற்கள்: எகிப்தின் கல்வெட்டுகளுக்கு ஓர் எளிய அறிமுகம்

கெய்ரோவின் இஸ்லாமியக் கலை அருங்காட்சியகத்துக்குச் சொந்தமான ஒரு பழைய மீஸான் கல், அதாவது கல்லறைக் கல், உண்டு. அப்துர் ரஹ்மான் இப்னு கைர் அல்-ஹஜ்ரி என்பவரின் கப்ருக்காகப் பொறித்தது. ஹிஜ்ரி 31, அதாவது கி.பி. 652. எகிப்து அரபுப் படைகளின் கைக்கு வந்து பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளே ஆகியிருந்த காலம். தேதியோடு கிடைத்திருக்கும் இஸ்லாமியக் கல்லறைக் கற்களில் மிகப் பழையவற்றுள் இது ஒன்று. எழுத்தில் அழகு எதுவும் இல்லை. கோடுகள் கோணல்மாணலாக ஓடுகின்றன. வாசகமும் சின்னதுதான். இறைவனின் பெயரால் என்று பொருள்படும் பிஸ்மில்லாஹ்வில் தொடங்கி, இது இன்னாருடைய கப்ரு என்று சொல்லி, இறைவனிடம் அவருக்காக மன்னிப்பும் அருளும் கேட்கிறது. அதன் பிறகு சட்டென்று நம் பக்கம் திரும்புகிறது. இந்த எழுத்தைப் படிக்கும்போது அவருக்காகப் பாவமன்னிப்புத் தேடு, ஆமீன் என்று சொல் என்கிறது.

இதற்கு 2,000 ஆண்டுகளுக்கும் முன்னால், அதே நாட்டில், ஃபாரோக்கள் காலத்து அதிகாரிகள் தங்கள் கல்லறைகளில் இப்படி ஒரு வேண்டுகோளைப் பொறித்து வைத்தார்கள். பூமியில் உயிரோடு இருப்பவர்களே, இந்தக் கல்லறையைக் கடந்து போகிறவர்களே என்று அழைத்துவிட்டு, "ஆயிரம் ரொட்டி, ஆயிரம் பீர், ஆயிரம் மாடு, ஆயிரம் பறவை இன்னாருடைய ஆன்மாவுக்கு" என்று வாய்விட்டுச் சொல்லுமாறு கேட்பார்கள். கையிலிருந்து எதையும் கொடுக்க வேண்டாம், வாயின் மூச்சு ஒன்றே போதும் என்றுகூடச் சில கற்களில் எழுதியிருக்கிறார்கள். வருகிறவர் அந்தச் சொற்களைச் சொன்னால் படையல் இறந்தவரைப் போய்ச் சேர்ந்துவிடும் என்பது நம்பிக்கை.

இரண்டும் வேறு மதம், வேறு மொழி, வேறு எழுத்து. முதலாவது ஒரே இறைவனிடம் மன்னிப்புக் கேட்கிறது, இரண்டாவது மறுமையில் சாப்பாட்டுக்கு ஏற்பாடு செய்கிறது. ஆனாலும் இரண்டு கற்களும் தம்மைப் படிக்கப்போகும் மனிதரை எதிர்பார்த்து நிற்கின்றன. எகிப்தின் நினைவுச்சின்னங்களைப் புதிதாக அணுகும் ஒருவருக்கு முதலில் சொல்ல விரும்புவது இதைத்தான்: அங்கே சுவரில் உள்ள எழுத்து அலங்காரத்துக்காகச் சேர்த்தது இல்லை. கட்டடத்துக்குத் தூண் எப்படியோ அப்படித்தான் எழுத்தும், அதற்கென்று ஒரு வேலை இருக்கிறது. அந்த வேலை என்ன என்று கேட்கப் பழகிவிட்டால், பிரமிட்டின் உட்சுவரையும் பள்ளிவாசல் முகப்பையும் ஒரே ஆர்வத்தோடு பார்க்க முடியும். படங்களில் பார்த்துவிட்டு "அடேயப்பா, எவ்வளவு நுணுக்கமான வேலைப்பாடு" என்று நகர்ந்துவிடுவது பெரிய இழப்பு.

படமாகத் தெரிவது ஒலி

பழைய எகிப்தின் எழுத்தான ஹைரோகிளிஃப் என்றால் பட எழுத்து, ஆந்தையைப் போட்டால் ஆந்தை, கையைப் போட்டால் கை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஐரோப்பிய அறிஞர்களும் பல நூற்றாண்டுகள் அப்படித்தான் நினைத்தார்கள், அதனாலேயே அவர்களால் ஒரு வரியைக்கூடச் சரியாகப் படிக்க முடியவில்லை. உண்மையில் ஆந்தை என்பது பெரும்பாலும் 'ம்' என்ற ஒலி. நீரலை 'ன்'. வாய் 'ர்'. ரொட்டி 'த்'. இப்படி ஒற்றை மெய்யொலிக்கு 24 குறிகள், இரண்டு மூன்று மெய்களை ஒன்றாகக் குறிப்பதற்கு இன்னும் பல. செவ்வியல் காலத்தில் புழங்கிய குறிகள் மொத்தம் 700-க்கு மேல்.

ஒரே குறி மூன்று விதமாக வேலை செய்யும் என்பதுதான் முக்கியம். ஒரு பக்கம் திறந்த பெட்டி போல ஒரு குறி உண்டு. அது வீட்டின் தரைப்படம், ஒலி 'ப்-ர்'. அதன் கீழே ஒரு சிறு கோடு போட்டால் வீடு என்றே பொருள். கோட்டுக்குப் பதில் வாய்க் குறியையும் நடக்கும் இரண்டு கால்களையும் சேர்த்தால், அதே 'ப்-ர்' வெளியே போவது என்று பொருள்படும். வாய்க் குறி இங்கே 'ர்' ஒலியை உறுதிப்படுத்துகிறது. கால்களுக்கு ஒலியே கிடையாது, இது நடமாட்டம் பற்றிய சொல் என்று கண்ணுக்குக் காட்டிக்கொடுப்பதற்காகக் கடைசியில் வந்து நிற்கின்றன. ஒலிக்குறி, பொருள்குறி, இனம் காட்டும் குறி என்ற இந்த மூன்றும் கலந்து ஓடுவதே ஹைரோகிளிஃப். இனம் காட்டும் குறிகளில் எனக்கு மிகப் பிடித்தது சிட்டுக்குருவி. சிறியது, கெட்டது, நோய், வறுமை என எந்த இழிந்த பொருளுக்கும் சொல்லின் முடிவில் அது வந்து உட்காரும். அதையே கொஞ்சம் மாற்றி வாலைப் பிளந்து தகைவிலான் ஆக்கினால் பெரியது என்று பொருள் மாறும். வால் ஒன்றுதான் வித்தியாசம். கல்தச்சரின் உளி கொஞ்சம் தவறினாலும் பெரியவர் சிறியவராகிவிடுவார்.

உயிரொலிகளை அவர்கள் எழுதவில்லை. அதனால் பழைய எகிப்திய மொழி எப்படி ஒலித்தது என்பதற்கு, அதன் பின்வந்த காப்டிக் மொழியை வைத்து ஊகிக்க வேண்டியிருக்கிறது. நாம் சொல்லும் பெயர்கள் பலவும் ஆய்வாளர்கள் வசதிக்காக இடையில் உயிரொலி சேர்த்து உச்சரிப்பவை.

எந்தப் பக்கமிருந்து படிப்பது? இதற்கு அவர்கள் வைத்திருந்த வழி அற்புதமானது. பறவையும் மனிதரும் பாம்பும் எந்தப் பக்கம் முகம் காட்டுகிறார்களோ அங்கேதான் வரியின் தொடக்கம். முகங்கள் வலப்பக்கம் பார்த்தால் வலமிருந்து இடம், இடப்பக்கம் பார்த்தால் இடமிருந்து வலம். இது தெரிந்தவுடன் எந்தக் கோயில் சுவரின் புகைப்படத்தை எடுத்தாலும், ஒரு எழுத்துகூடத் தெரியாமலே வரி எங்கே தொடங்குகிறது என்று சொல்லிவிடலாம். ஒரே வாயிலின் இரு நிலைகளிலும் எழுத்து எதிரெதிராக நடு வாசலைப் பார்த்து ஓடுவதையும் கவனிக்கலாம். உள்ளே நுழைகிறவரைத் திசைக்கொன்றாக நின்று வரவேற்பது போல அமைத்திருப்பார்கள்.

அடுத்து, பெயர். நீள்வட்டமாகக் கயிறு கட்டியது போன்ற ஒரு வளையத்துக்குள் எழுத்துகள் இருந்தால் அது அரச பெயர். அதைக் கார்டூஷ் என்கிறோம். துத்தங்காமூனின் கார்டூஷைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். முதலில் ஒரு நாணல் இலை, காய்கள் அடுக்கிய ஆட்டப் பலகை, நீரலை. மூன்றும் சேர்ந்து அமுன் என்ற கடவுளின் பெயர். அதன் பிறகு ரொட்டி, காடைக் குஞ்சு, மீண்டும் ரொட்டி. இது 'துத்', உருவம் என்று பொருள். பக்கத்தில் வளையம் வைத்த சிலுவை போன்ற அங்க், அதாவது உயிர். கீழே ஆட்சியைக் குறிக்கும் வளைகோல், ஒரு தூண், மேல் எகிப்தின் செடி. இந்த மூன்றும் தெற்கு ஊனுவின், அதாவது தீப்ஸ் நகரின் ஆட்சியாளன் என்ற பட்டம். அமுனின் உயிருள்ள உருவம் என்பது பெயரின் பொருள். சொல்லும்போது துத்-அங்க்-அமுன், எழுதும்போது அமுன்-துத்-அங்க். கடவுளின் பெயர் எங்கே வந்தாலும் அதை மரியாதைக்காக முன்னால் தூக்கி வைத்துவிடுவது எழுத்தரின் மரபு. ஒரு சிறிய வளையத்துக்குள் மொழியும் பக்தியும் அரசியலும் இப்படி ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கின்றன.

எழுதினால் உயிர், அழித்தால் மரணம்

எகிப்தியர்கள் தங்கள் எழுத்தைக் கடவுளின் சொற்கள் என்று அழைத்தார்கள், தோத் என்ற கடவுள் தந்தது என்று நம்பினார்கள். அந்த நம்பிக்கை எவ்வளவு ஆழம் என்பதைப் பார்க்க கெய்ரோவுக்குத் தெற்கே பழைய கல்லறைகள் நிறைந்த சக்காராவுக்குப் போக வேண்டும்.

கீஸாவின் பெரிய பிரமிட்டுக்குள் சமயப் பாடல் எதுவும் பொறிக்கப்படவில்லை. மேலறைகளில் வேலைக் குழுக்கள் கிறுக்கிய குறிப்புகள் மட்டும் உண்டு, அவற்றில் குஃபுவின் பெயர் வருகிறது. பிரமிட்டின் உட்சுவரில் எழுதும் வழக்கம் அதற்கும் ஏறத்தாழ 200 ஆண்டுகள் கழித்து, 5-ஆம் வம்சத்தின் கடைசி அரசன் உனாஸ் காலத்தில், கி.மு. 2350 வாக்கில் வந்தது. அவனுடைய பிரமிட் வெளியிலிருந்து பார்த்தால் இன்று வெறும் கற்குவியல். உள்ளே அறையின் சுவர்கள் மேலிருந்து கீழ்வரை பத்தி பத்தியாக எழுத்து, ஒவ்வொரு குறியிலும் நீல நிறம். 1881-இல் பிரெஞ்சு ஆய்வாளர் காஸ்டன் மாஸ்பெரோ உள்ளே போய்ப் படித்தபோது உலகின் மிகப் பழைய சமய நூல் தொகுதிகளுள் ஒன்று வெளிச்சத்துக்கு வந்தது. அரசன் எழுந்து வானேற வேண்டும், விண்மீன்களோடு சேர வேண்டும் என்பதற்கான மந்திரங்கள் அவை.

இந்தப் பிரமிட் எழுத்துகளில் ஒரு விசித்திரம். பாம்பு, சிங்கம், மனிதர் போன்ற குறிகள் சில இடங்களில் உடல் துண்டித்து எழுதப்பட்டிருக்கும், சில இடங்களில் அவற்றைத் தவிர்த்து வேறு குறி போட்டிருப்பார்கள். அது தவறு இல்லை. சுவரில் எழுதிய பாம்பு இருட்டில் உயிர்பெற்றுப் படுத்திருக்கும் அரசனைக் கடித்துவிடக் கூடாது என்ற முன்னெச்சரிக்கை. எழுத்து வெறும் அடையாளம் என்று நினைப்பவர் பாம்பின் உடலை வெட்டி வைக்க மாட்டார்.

முதலில் அரசருக்கு மட்டுமே உரியதாக இருந்த இந்த மந்திரங்கள், பின்னர் மத்திய அரசு (Middle Kingdom) எனப்படும் காலகட்டத்தில் அதிகாரிகளின் சவப்பெட்டிகளுக்கு இறங்கின. அதன் பிறகு புது அரசு (New Kingdom) எனப்படும் காலகட்டத்தில், வசதி உள்ளவர் யாரும் வாங்கிக்கொள்ளக்கூடிய பாப்பிரஸ் சுருள்களாயின. இறந்தவர் நூல் என்று இன்று சொல்லப்படுவது அதுதான். பைபிள் போலவோ குர்ஆன் போலவோ முதலும் முடிவும் கொண்ட ஒரே நூலாக அதை நினைத்துவிடக் கூடாது. ஏறத்தாழ 200 மந்திரங்கள் கொண்ட கையிருப்பிலிருந்து அவரவர் விருப்பத்துக்கும் பணத்துக்கும் ஏற்பத் தேர்ந்தெடுத்து எழுதி வாங்கினார்கள். லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் உள்ள அனி என்ற எழுத்தரின் சுருள் கி.மு. 1250-ஐ ஒட்டியது, ஏறத்தாழ 24 மீட்டர் நீளம். அதில் அனியின் பெயர் பல இடங்களில் வேறு கையெழுத்தில் இருக்கிறது. சுருளை முன்கூட்டியே எழுதிவிட்டு, பெயருக்கு இடம் விட்டு வைத்து, வாங்குபவர் வந்ததும் நிரப்பியிருக்கிறார்கள். 1888-இல் அந்த மியூசியத்துக்காக இதை வாங்கிய வாலிஸ் பட்ஜ் 37 துண்டுகளாக வெட்டிவிட்டார். மூவாயிரம் ஆண்டு முழுசாகத் தாக்குப்பிடித்த சுருளுக்கு அது நேர்ந்ததை நினைத்தால் இன்றும் மனம் பொறுக்கவில்லை.

பெயர் இருக்கும்வரை ஆள் இருக்கிறார் என்றால், பெயரை அழித்தால்? ஹட்ஷெப்சுட் கி.மு. 15-ஆம் நூற்றாண்டில் ஃபாரோவாக ஆண்ட பெண். சுவர்ச் சிற்பங்களில் ஆண் அரசரின் உடையில் நிற்பார், பக்கத்தில் உள்ள வாசகத்தின் இலக்கணமோ பல இடங்களில் பெண்பாலிலேயே ஓடும். கர்நாக் கோயிலில் அவர் நிறுத்திய கல்தூண் ஏறத்தாழ 30 மீட்டர் உயரம், ஒரே கல். ஏழு மாதத்தில் வெட்டி முடித்ததாக அதன் அடியிலேயே எழுதி வைத்தார். அவர் இறந்து பல ஆண்டுகள் கழித்து, அவருக்குப் பின் ஆண்ட மூன்றாம் துத்மோஸ் காலத்தில் அவர் பெயரும் உருவமும் சுவர்களிலிருந்து உளியால் கொத்தி எடுக்கப்பட்டன. அபிடோஸ் கோயிலில் முதலாம் செட்டி பொறித்த பட்டியலில் 76 அரச பெயர்கள் உள்ளன. ஹட்ஷெப்சுட் அதில் இல்லை. அகெனாத்தனும் துத்தங்காமூனும் இல்லை. எகிப்தியக் கோயிலில் ஒரு கார்டூஷ் கொத்தப்பட்டிருந்தால், காலம் தேய்த்ததா மனிதர் செய்ததா என்று உடனே பாருங்கள். சுற்றியுள்ள வரிகள் கூர்மையாக இருந்து பெயர் மட்டும் குழிந்திருந்தால் அங்கே ஒரு பழைய பகை பதிவாகியிருக்கிறது.

கடைசி வரியும் நீண்ட மௌனமும்

தேதியோடு கிடைத்திருக்கும் கடைசி ஹைரோகிளிஃப் கல்வெட்டு, தெற்கே ஃபிலே தீவின் ஐசிஸ் கோயிலில் கி.பி. 394 ஆகஸ்ட் 24 அன்று நெஸ்மெதெராகெம் என்ற பூசாரி பொறித்தது. என்றென்றைக்குமாக என்று அவர் அதில் எழுதினார். அவருக்குப் பின் ஓரிரு தலைமுறைக்குள் அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் இல்லாமல் போனார்கள். எகிப்தியர்கள் கிறிஸ்தவர்களானபோது தங்கள் மொழியைக் கிரேக்க எழுத்துகளால் எழுதினார்கள், கிரேக்கத்தில் இல்லாத ஒலிகளுக்குப் மக்கள் எழுத்து எனப்படும் பழைய அன்றாட எழுத்து வடிவத்திலிருந்து சில குறிகளை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். அதுவே காப்டிக்.

அரபு அறிஞர்கள் இந்தச் சுவர்களைப் பார்த்துப் பேசாமல் போய்விடவில்லை. 1200-ஐ ஒட்டி எகிப்துக்கு வந்த மருத்துவர் அப்துல் லத்தீஃப் அல்-பக்தாதி பிரமிட்களின் மேலுறைக் கற்களில் நிறைந்திருந்த எழுத்துகளைப் பற்றி எழுதியிருக்கிறார். அவற்றைப் படிக்கத் தெரிந்த ஒருவரையும் எகிப்து முழுவதும் தான் சந்திக்கவில்லை என்று வருந்துகிறார். அவர் வருவதற்குச் சில ஆண்டுகள் முன்புதான் எகிப்தை ஆண்ட சுல்தான் சலாஹுத்தீனின் மகன் அல்-அஸீஸ் உஸ்மான் மூன்றாவது பிரமிட்டை இடிக்க ஆள் அனுப்பியிருந்தார். எட்டு மாதம் உடைத்தும் வடக்கு முகத்தில் ஒரு பெரிய பிளவை மட்டுமே உண்டாக்க முடிந்தது, அது இன்றும் அப்படியே இருக்கிறது. அந்த இடிப்பைக் கண்டித்தும் பழைய சின்னங்களைக் காப்பாற்ற வேண்டியதன் காரணங்களைச் சொல்லியும் எழுதியவர் அதே அல்-பக்தாதிதான். முஸ்லிம் எகிப்து பழைய எகிப்தை மதிக்கவே இல்லை என்று பொத்தாம்பொதுவாகச் சொல்பவர்கள் அவரைப் படிக்க வேண்டும்.

மௌனம் உடைந்த கதை பலரும் அறிந்தது, சுருக்கமாகச் சொல்கிறேன். 1799-இல், ஐரோப்பியர் ரோஸெட்டா என்று அழைத்த ரஷீத் ஊரில் கோட்டைப் பணியில் இருந்த பிரெஞ்சுப் படையினருக்கு ஒரு கல் கிடைத்தது. எகிப்தை ஆண்ட கிரேக்க வழி அரசர் ஐந்தாம் தாலமியின் பெயரால் கி.மு. 196-இல் வந்த ஆணை, ஹைரோகிளிஃப், மக்கள் எழுத்து, கிரேக்கம் என மூன்று வடிவில். அந்தக் கோட்டை 15-ஆம் நூற்றாண்டில் மம்லூக் சுல்தான் காயித்பாய் கட்டியது, கல் அங்கே கட்டுமானக் கல்லாக வந்து சேர்ந்திருந்தது. கார்டூஷுக்குள் தாலமி, கிளியோபாட்ரா போன்ற பெயர்களை ஒலி ஒலியாகப் பிரித்துப் பார்த்தே வழி திறந்தது. பிரெஞ்சு அறிஞர் ஷாம்போலியன் 1822-இல் வெற்றி பெற்றதற்கு அவருடைய காப்டிக் புலமை பெரிய காரணம். தேவாலய வழிபாட்டில் காப்டிக்கை உயிரோடு வைத்திருந்த எகிப்தியக் கிறிஸ்தவர்களுக்கு அந்தப் புகழில் பங்கு உண்டு என்பது என் உறுதியான எண்ணம்.

அரபு எழுத்தின் முறை

அரபும் வலமிருந்து இடம் ஓடும் மெய்யெழுத்து. குறில் உயிர்கள் வரிக்குள் வராது, தேவைப்பட்டால் மேலும் கீழும் சிறு குறிகளாக வரும். எழுத்துகள் 28. ஆனால் வடிவங்கள் அவ்வளவு இல்லை. புள்ளிகளை எடுத்துவிட்டால் சொல்லின் நடுவில் வரும் பா, தா, ஸா, நூன், யா ஐந்துக்கும் ஒரே பல் போன்ற வடிவம்தான். புள்ளி வைக்கும் பழக்கம் தொடக்கத்திலேயே இருந்தது. எகிப்தில் கிடைத்த, கி.பி. 643 தேதியிட்ட அரபு-கிரேக்க பாப்பிரஸில் சில எழுத்துகளுக்குப் புள்ளிகள் உண்டு. அது படைக்காக வாங்கிய ஆடுகளுக்கான ரசீது. ஆனால் கல்லில் பொறிப்பவர்கள் பல நூற்றாண்டுகள் புள்ளிகளைப் பெரும்பாலும் விட்டுவிட்டார்கள். இன்று அரபு சரளமாகப் பேசும் கெய்ரோவாசிகூடப் பழைய கூஃபி எழுத்தைப் பார்த்துத் திணறுவது இதனால்தான். அரபு தெரியாதவர்கள் தங்களுக்குப் படிக்க வராததை நினைத்துக் கூச்சப்பட வேண்டியதில்லை.

கூஃபி என்பது கோணமும் நேர்கோடுமான எழுத்து. சலாஹுத்தீனுக்கு முன் எகிப்தை ஆண்ட ஃபாத்திமியர் காலத்தில் அதன் நுனிகளில் இலையும் கொடியும் முளைத்தன. சலாஹுத்தீன் வந்த பிறகு கட்டடங்களில் வளைந்தோடும் நஸ்க் எழுத்து நுழைந்தது. கெய்ரோ கோட்டை வாயிலில் 1183-84 தேதியிட்ட அவருடைய கல்வெட்டு அந்த எழுத்தில் இருக்கிறது. எழுத்தின் வடிவத்தை மட்டும் வைத்தே ஒரு கட்டடம் ஏறத்தாழ எந்தக் காலத்தது என்று ஊகிக்கலாம்.

கட்டுமானக் கல்வெட்டுகளின் அமைப்பு அனேகமாக மாறுவதில்லை. பிஸ்மில்லாஹ், குர்ஆன் வசனம், இதைக் கட்ட ஆணையிட்டவர் இன்னார் என்ற வரி, பட்டங்கள், அவருக்காக ஒரு பிரார்த்தனை, கடைசியில் தேதி. தேதி சொற்களில் இருக்கும், ஒற்றை எண்ணில் தொடங்கிப் பத்து, நூறு என்று ஏறும். கெய்ரோவின் இப்னு தூலூன் பள்ளிவாசலில் உள்ள பளிங்குக் கல்வெட்டில் ஹிஜ்ரி 265 ரமலான் என்ற தேதி இருக்கிறது, கி.பி. 879. அதில் ஒரு வரி என்னை எப்போதும் நிறுத்திவிடும். இறைவன் தமக்குத் தந்த தூய, நேர்மையான பொருளால் இந்தப் பள்ளியைக் கட்டியதாக அஹ்மத் இப்னு தூலூன் அதில் சொல்கிறார். பணம் எங்கிருந்து வந்தது என்று ஊரில் பேச்சு இருந்தாலொழிய அதை இவ்வளவு அழுத்தி எழுதுவார்களா என்று தோன்றும். அதே பள்ளிவாசலின் வளைவுகளுக்கு மேலே, கூரையை ஒட்டி, மரத்தில் செதுக்கிய குர்ஆன் வசனப் பட்டை ஏறத்தாழ 2 கிலோமீட்டர் நீளத்துக்கு ஓடுகிறது. அவ்வளவு உயரத்தில், அந்த மங்கல் வெளிச்சத்தில், கீழே நிற்கும் யாரும் அதை வரிவரியாகப் படிக்க முடியாது. அது தொழுகையாளிகளுக்கு மேலே இருக்க வேண்டும் என்பதற்காக இருக்கிறது.

ஃபாரோக்களின் எழுத்தோடு இங்கே ஒரு பெரிய வேறுபாடு தெரிகிறது. உனாஸின் மந்திரத்தில் உனாஸின் பெயரே இடம்பெறும், அனியின் சுருளில் அனியின் பெயர். மந்திரம் அந்த ஆளுக்காக வளைந்துகொடுக்கிறது. குர்ஆன் வசனத்தில் எந்தச் சுல்தானும் தன் பெயரை நுழைக்க முடியாது. அவர் செய்யக்கூடியது வசனத்தைத் தேர்ந்தெடுப்பது மட்டுமே. அதனால் எந்த வசனம், எந்த இடத்தில் என்பதே பேச்சாகிறது. 1125-இல் ஃபாத்திமியர் கட்டிய அல்-அக்மர் பள்ளிவாசலின் முகப்பில் கதிர்கள் விரியும் ஒரு வட்டம் உண்டு. மையத்தில் முஹம்மது, அலி என்ற பெயர்கள், சுற்றிலும் நபியின் குடும்பத்தாரைப் பற்றிய 33-ஆம் அத்தியாய வசனம். தங்கள் ஷியா ஆட்சிக்கான உரிமையைத் தெருவில் போகிற எல்லாரும் பார்க்கும்படி அவர்கள் சொன்ன விதம் அது. 1171-இல் ஃபாத்திமியர் ஆட்சி முடிந்து சுன்னி அரசு வந்த பிறகும் அந்த வட்டத்தை யாரும் கொத்தி எடுக்கவில்லை. 1087-இல் எழுந்த பாபுன் நஸ்ர் வாயிலின் மேல், இஸ்லாமிய நம்பிக்கை வாசகமான கலிமாவோடு சேர்த்து அலி இறைவனின் நேசர் என்று பொறித்ததும் இன்றுவரை அங்கேயே இருக்கிறது.

மம்லூக் காலத்துக் கண்ணாடி விளக்குகளில் பெரும்பாலும் 24-ஆம் அத்தியாயத்தின் ஒளி வசனம் இருக்கும். இறைவன் வானங்களுக்கும் பூமிக்கும் ஒளி என்று தொடங்கி, மாடத்தில் ஒரு விளக்கு, விளக்கு கண்ணாடிக்குள் என்று செல்லும் வசனம். உள்ளே திரி எரியும்போது வசனம் தான் சொல்வதையே செய்துகாட்டும். ரோதா தீவின் முனையில் 861-இல் கட்டிய நைல் அளவுமானியிலும் இதே அறிவு வேலை செய்திருக்கிறது. ஆழ்ந்த கிணறு போன்ற குழி, நடுவில் முழக் கணக்குப் பொறித்த எண்கோணத் தூண், சுற்றுச் சுவரில் மழை, நீர், பயிர் பற்றிய குர்ஆன் வசனங்கள். வெள்ளம் 16 முழம் தொட்டால் நல்ல விளைச்சல், அரசுக்கு முழு வரி. குறைந்தால் பஞ்சம். நீர் ஏறி ஏறி அந்தச் சுவர்களைத் தொடுவதை ஒவ்வொரு கோடையிலும் ஒரு நகரமே பதைப்போடு எதிர்பார்த்திருக்கிறது. இந்த அளவீட்டுக்கு வயது இன்னும் அதிகம். பலெர்மோ கல் எனப்படும் 5-ஆம் வம்சக் கல்வெட்டிலேயே ஆண்டுதோறும் நைலின் உயரம் முழக் கணக்கில் குறிக்கப்பட்டிருக்கிறது.

இரண்டும் ஒரே இடத்தில்

பழைய கெய்ரோவின் கமாலிய்யா தெருவில் இரண்டாம் பைபர்ஸின் கான்காஹ் இருக்கிறது, 1307-இல் தொடங்கிய சூஃபி மடம். அதன் முகப்பை ஒட்டி அழகான நஸ்க் எழுத்துப் பட்டை ஓடுகிறது. ஓரிடத்தில் மட்டும் எழுத்து இல்லை, வழித்தெடுத்த கல்தான் இருக்கிறது. பைபர்ஸின் அரச பட்டங்கள் இருந்த இடம் அது. அவர் 1309-இல் சுல்தானாகி, ஓராண்டுக்குள் பதவியிழந்தார். திரும்பி வந்த முன்னாள் சுல்தான் அந்-நாஸிர் முஹம்மது அவரைக் கொன்று, மடத்தை மூடி, கல்லில் இருந்த பட்டங்களையும் அழிக்கச் சொன்னார். ஹட்ஷெப்சுட்டுக்கு நேர்ந்தது அப்படியே திரும்ப நடந்திருக்கிறது. ஒன்று வேறு: பைபர்ஸின் பட்டங்களை அகற்றிய உளி, அதே பட்டையில் இருந்த இறைவசனத்தைத் தொடவில்லை.

அதே கட்டடத்தின் வாசற்படியைக் குனிந்து பார்த்தால் ஹைரோகிளிஃப் எழுத்துகள் தெரியும். ஏதோ ஒரு பழைய கோயிலிலிருந்து எடுத்து வந்த கருங்கல். நல்ல கெட்டியான கல் தேவைப்பட்டது, கிடைத்தது, போட்டார்கள் என்பதுதான் எளிய காரணம். ஃபாரோவின் எழுத்தைக் காலடியில் மிதிக்க வேண்டும் என்ற நோக்கமும் இருந்திருக்கலாம் என்று சிலர் எழுதுகிறார்கள், நான் அவ்வளவு தூரம் போக மாட்டேன். எகிப்தில் பழைய கல் எப்போதுமே புதிய கட்டடத்துக்குப் போயிருக்கிறது. ஃபாரோக்களே தங்கள் முன்னோரின் கோயில்களை உடைத்துத் தங்கள் கோபுரங்களுக்கு உள்ளீடாக நிரப்பியவர்கள்தான்.

லக்ஸர் கோயிலுக்குள் இரண்டாம் ராம்சேஸின் முற்றத்தின் மேலேயே அபுல் ஹஜ்ஜாஜ் என்ற இறைநேசரின் பள்ளிவாசல் நிற்கிறது. 13-ஆம் நூற்றாண்டில் அதைக் கட்டியபோது கோயில் பெருமளவு மண்ணில் புதைந்திருந்தது, அன்றைய தரைமட்டம் தூண்களின் மேற்பகுதி வரை இருந்தது. பின்னாளில் மண்ணை அகற்றியதும் பள்ளிவாசலின் பழைய கதவு பல மீட்டர் உயரத்தில் அந்தரத்தில் தொங்குவது போலாகிவிட்டது. 2007-இல் நடந்த தீ விபத்துக்குப் பிறகு பள்ளியைப் புதுப்பித்தபோது பூச்சுக்கு அடியில் ராம்சேஸ் காலத்து எழுத்துகள் வெளிப்பட்டன. அவற்றை மறுபடி மூடிவிடாமல் தெரியும்படி விட்டிருக்கிறார்கள். தொழுகை தொடர்கிறது, ஆண்டுதோறும் அந்த இறைநேசரின் விழாவில் படகுகள் ஊர்வலமாக வருகின்றன. அதே கோயிலில் அமுனின் படகு ஊர்வலம் வந்த ஓபெத் திருவிழாவை இது நினைவூட்டுவதாகப் பலரும் சொல்வார்கள்.

தமிழும் இந்தக் கதையில் ஓரமாக வருகிறது. செங்கடல் கரையில் குஸைர் அல்-கதீம் என்ற பழைய துறைமுகத்தில் கணன், சாதன் என்ற பெயர்கள் தமிழ் பிராமியில் பொறித்த பானை ஓடுகள் கிடைத்தன. பின்னர் அங்கேயே கிடைத்த இன்னொரு ஓட்டில் 'பானை ஒறி' என்று எழுதியிருந்ததை ஐராவதம் மகாதேவன் படித்தார். உறி என்ற பொருள், ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுப் பழமை. ரோமர் கால வணிகம் ஓய்ந்து, அந்தத் துறைமுகம் பல நூற்றாண்டுகள் பாழடைந்து கிடந்து, சலாஹுத்தீனின் மரபினரான அய்யூபியர் காலத்தில் மீண்டும் எழுந்தது. அங்கே அபூ முஃபர்ரிஜ் என்ற வணிகரின் வீட்டில் 13-ஆம் நூற்றாண்டு அரபுக் கடிதங்கள் ஏராளமாகக் கிடைத்தன, தானியம், சரக்கு, பாக்கி பற்றியவை. இவற்றில் எதுவும் அரச கல்வெட்டு இல்லை. தன் பானையில் பெயர் எழுதியவரும், வர வேண்டிய சரக்கைப் பற்றிக் கடிதம் எழுதியவரும் சாதாரண வியாபாரிகள்.

இனி நீங்களே முயன்று பார்க்க ஆசைப்பட்டால், அரபுக் கட்டடங்களில் பிஸ்மில்லாஹ்வின் வடிவத்தை மட்டும் முதலில் கண்ணுக்குப் பழக்கிக்கொள்ளுங்கள். பெரும்பாலும் பட்டையின் வலக்கோடியில் அது இருக்கும், கூஃபியிலும் நஸ்க்கிலும் நாலைந்து படங்களை ஒப்பிட்டாலே பிடிபட்டுவிடும். எகிப்தியக் கல்லறைக் கற்களில் மேல் வரியின் தொடக்கத்தில் ஒரு நாணல் செடி, ரொட்டி, பாயின் மேல் வைத்த படையல் ரொட்டி, முக்கோணம் போன்ற ஒரு குறி ஆகியவற்றைத் தேடுங்கள். அரசர் அளிக்கும் படையல் என்று தொடங்கும் வாசகம் அது, ஆயிரக்கணக்கான கற்களில் அனேகமாக ஒரே மாதிரி வரும். அதன் பிறகு இறந்தோர் உலகின் கடவுளான ஒசிரிஸின் பெயர், ரொட்டி, பீர், மாடு, பறவை, கடைசியில் இறந்தவரின் பெயர். பெரிய அருங்காட்சியகங்களின் இணையதளங்களில் இந்தக் கற்களின் தெளிவான படங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரு கல்லை எடுத்து, முகங்கள் பார்க்கும் பக்கத்திலிருந்து தொடங்கி, அந்தப் பெயர் எங்கே வருகிறது என்று விரல் வைத்துத் தேடிப் பாருங்கள்.